கேபிள் காசு: ஒரு மாதச் செலவின் வரலாறு

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் சேனல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தச் சேனல் எந்த ஆண்டில் தொடங்கியது, எந்தக் கட்சியின் சார்பில் எது நின்றது, எந்தத் தொடர் எத்தனை ஆண்டுகள் ஓடியது என்பன குறித்து நம்மிடம் ஓரளவு எழுத்து உண்டு. ஆனால் அவற்றைப் பார்ப்பதற்காக வீடுதோறும் மாதந்தோறும் ஒதுக்கி வைக்கப்பட்ட காசின் வரலாற்றை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் இடையே, அஞ்சறைப் பெட்டிக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ மடித்துச் செருகப்பட்ட அந்தத் தொகைக்குக் 'கேபிள் காசு' என்று பெயர். கை இறுகிய மாதங்களில் முதலில் எடுக்கப்படுவதும் அதுதான். எடுத்தபின் மிகவும் உறுத்துவதும் அதுதான்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல முனைவது ஒன்றே. வருவாய் குறைந்த வீடுகள் தொலைக்காட்சியோடு கொண்டிருந்த உறவைத் தீர்மானித்தது கட்டணத்தின் அளவைவிட, அக்கட்டணம் எப்போது, யாரிடம் செலுத்தப்பட்டது என்பதேயாகும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்போர், வானொலி வைத்திருப்போரைப் போலவே, அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டியிருந்தது. 1985இல் அவ்வுரிம முறை நீக்கப்பட்டது. பெட்டியை வாங்கி, கூரைமேல் ஆன்டெனாவை நிறுத்திவிட்டால் அதன்பின் மின்கட்டணம் ஒன்றுதான் செலவு. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம் என்று, தூர்தர்ஷன் கொடுத்ததே காட்சி. பெட்டி இல்லாதோர் இருந்தவர் வீட்டுத் திண்ணையிலும் ஊராட்சித் தொலைக்காட்சி அறையின் முன்னும் அமர்ந்து பார்த்தனர். மாதச் சந்தா என்ற எண்ணமே அப்போது வீட்டுக் கணக்கில் இல்லை.

அவ்வெண்ணம் நுழைந்தது வானத்தின் வழியாக. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் மூண்டபோது, பெருநகரங்களின் நட்சத்திர விடுதிகள் டிஷ் ஆன்டெனா கொண்டு சிஎன்என் காட்சிகளைக் காட்டின. அவ்வாண்டிலேயே ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவியின் ஒளிபரப்பு ஆசியாசாட் 1 செயற்கைக்கோள் வழியே வரலாயிற்று. வீடியோ கேசட்டில் படம் ஓட்டித் தெருவுக்குக் கம்பி இழுத்திருந்த இளைஞர்கள் பலர், மொட்டை மாடியில் ஒரு டிஷ்ஷை நிறுத்திக் கேபிள் ஆபரேட்டர்கள் ஆயினர். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளன்று சன் டிவி தொடங்கியபின் இணைப்பு என்பது ஆடம்பரம் என்ற நிலை மாறிற்று. கம்பிகள் மின்கம்பத்திலிருந்து தென்னைக்கும், தென்னையிலிருந்து கூரைக்கும் தாவின.

அரசு விழித்துக்கொண்டு சட்டம் இயற்றியது 1995இல். கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஆபரேட்டர்கள் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாயிற்று. பத்து ஆண்டுகளுக்கு முன் பார்ப்பவர் உரிமத்துக்காக ஏறிய அதே அஞ்சலகப் படிகளில் இப்போது காட்டுபவர் ஏறினார். அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று, காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலை பொதுவில் இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவரும் கம்பி தனியாரிடம் இருந்தது. அவ்விரண்டுக்கும் இடையே விழுந்த விலைதான் கேபிள் காசு.

இங்கே எங்கள் வீட்டைச் சற்றே சொல்ல வேண்டியுள்ளது. தந்தை ஒரு சங்கத்தில் எழுத்தர். சம்பளம் ஒழுங்காக வந்த மாதங்கள் குறைவு. எங்கள் தெருவில் அப்போது இணைப்புக்கு மாதம் 60 ரூபாய். நாள்காட்டி தொங்கிய ஆணியிலேயே கேபிள் அட்டையும் தொங்கும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டங்கள். பணம் கொடுத்த மாதத்துக் கட்டத்தில் ஒரு கையொப்பம். மாதத்தின் முதல் வாரத்தில் மிதிவண்டியில் வரும் கேபிள்காரரிடம் அம்மா கதவைப் பாதி திறந்தபடி, "தம்பி, இந்த மாசம் கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்பார். "சரிக்கா, அடுத்த மாசம் சேர்த்துக் குடுங்க" என்று அவர் அடுத்த வீட்டுக்கு நகர்வார். அட்டையில் கட்டம் வெறுமையாக இருக்கும். திரையில் படம் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வெளிய உரையாடலுக்குள் ஒரு முழுப் பொருளாதாரம் அடங்கியிருந்தது. முதலில், பார்த்தபின் கொடுப்பது என்பது முறை. அடுத்து, ஒரு வீட்டின் இணைப்பை மட்டும் துண்டிப்பது எளிதன்று. ஆள் வந்து கம்பம் ஏறிக் கம்பியைக் கழற்ற வேண்டும். தெரிந்த வீட்டில் அதைச் செய்ய யாருக்கும் கை வராது. மூன்றாவது காரணம் வீட்டாருக்குத் தெரியாதது. கட்டணச் சேனல்கள் பெருகியபோது, ஆபரேட்டர் தம்மிடமுள்ள இணைப்புகளை எண்ணிச் சேனல் நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அவ்வெண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது நாடெங்கும் நிலவிய வழக்கம். மேலே கணக்கில் வராத வீடு, கீழே கடன் சொன்னாலும் ஆபரேட்டருக்கு உடனடி இழப்பு இல்லை. எங்கள் அம்மாவுக்குக் கிடைத்த பொறுமையில் அம்மனிதரின் நற்குணத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் கணக்கின் ஓட்டைக்கும் பங்கு உண்டு. இதை மறைத்து அக்காலத்தைப் பொற்காலமாக வரைவது வரலாறு ஆகாது. போட்டியில்லாத தெருவில் ஆபரேட்டர் சொன்னதே விலை என்பதையும், ரசீது என்பதைப் பல வீடுகள் கண்டதே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீடுகளும் தம் பங்குக்கு வழிகளைக் கண்டுபிடித்தன. ஓர் இணைப்பைப் பிரித்து இரு வீடுகள் பாதிப் பாதி கொடுத்தன. பொதுத்தேர்வு நெருங்கியதும் பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி இணைப்பைக் கழற்றச் சொன்னார்கள். படிப்பும் உண்மை, மிச்சமாகும் காசும் உண்மை. நெல் வீட்டுக்கு வரும்வரை தவணை சொன்ன வீடுகளும், தீபாவளி போனஸில் ஆண்டு பாக்கியை அடைத்த வீடுகளும் உண்டு.

கணக்கின் ஓட்டையை அடைக்கும் முதல் பெரிய முயற்சி சென்னையில் நடந்தது. 'காஸ்' என்று அழைக்கப்பட்ட நிபந்தனை அணுகல் முறை 2003 செப்டம்பர் 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இலவசச் சேனல்கள் அடங்கிய அடிப்படைத் தொகுப்புக்கு மாதம் 72 ரூபாயும் வரியும். கட்டணச் சேனல் வேண்டுமெனில் செட் டாப் பாக்ஸ் வேண்டும். வேண்டியதை மட்டும் வாங்கும் உரிமை நுகர்வோருக்குக் கிடைக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். சென்னை வீடுகள் வேறொரு உரிமையைப் பயன்படுத்தின: வாங்காமல் இருக்கும் உரிமை. பெட்டி வாங்கியோர் மிகச் சிலரே; எஞ்சியோர் இலவசச் சேனல்களோடு அமைந்தனர். விலை தெரியாதபோது எல்லாம் வேண்டும் என்றவர்கள், ஒவ்வொன்றின் விலையும் தெரிந்ததும் எது இல்லாமலும் வாழ முடியும் என்று கண்டனர்.

அடுத்த பத்தாண்டில் அரசே வீட்டுக்குள் வந்தது. 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக அளித்த இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி அவ்வாண்டு செப்டம்பரிலிருந்து நிறைவேறத் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளைச் சென்றடைந்தது. இலவசம் தகுமா என்ற விவாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது; தேர்தல் அறிக்கையின் வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று 2013 ஜூலையில் தீர்ப்பும் வந்தது. ஆனால் குடிசைக்குள் எழுந்த விவாதம் வேறு. பெட்டி ஒரு முறை வந்தது. கேபிள் காசு மாதந்தோறும் போயிற்று. இலவசப் பெட்டி, அதற்குமுன் இல்லாத ஒரு மாதச் செலவைப் பல வீடுகளில் பிறப்பித்தது.

அச்செலவுக்கு மறுமொழி போல வந்தது அரசு கேபிள் டிவி நிறுவனம். 2007இல் திமுக ஆட்சியில் நிறுவப்பட்டுப் பின் முடங்கிக் கிடந்த அதை, 2011 செப்டம்பரில் அதிமுக அரசு மீண்டும் இயக்கியது. மாதக் கட்டணம் 70 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இரு கட்சிகளின் போட்டியில் பிறந்ததாயினும், மாதச் செலவு என்ற ஒன்றை அரசு கணக்கில் எடுத்துக்கொண்ட அரிய தருணம் அது. கவனிக்க வேண்டியது, வாசலுக்கு வந்தவர் அப்போதும் அதே கேபிள்காரரே. விலை குறைந்தது, தவணையும் தொடர்ந்தது.

முறையை உள்ளிருந்து மாற்றியது டிடிஎச். 2003இல் டிஷ் டிவியும் 2006இல் டாடா ஸ்கையும் வந்தன. இவற்றில் முன்பணம் கட்டினால்தான் படம். கொடுத்தபின் பார்ப்பது என்ற இந்த ஒழுங்கு, 2011 சட்டத் திருத்தத்தின் வழியே கேபிளும் படிப்படியாக டிஜிட்டல் ஆக்கப்பட்டபோது, எல்லா வீடுகளுக்கும் வரத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண்ணுடைய பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் மேலே இருப்பவர் கணக்கில். கம்பம் ஏற வேண்டியதில்லை. எங்கோ ஓர் அறையிலிருக்கும் கணினி, தேதி முடிந்ததும் படத்தை நிறுத்திவிடும்.

டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நூறு சேனல்கள் வரை வலையமைப்புக் கட்டணம் 130 ரூபாய்; 18 விழுக்காடு வரி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 19 ரூபாய் விலையுள்ள கட்டணச் சேனல் இரண்டைச் சேர்த்தால் வரியுடன் 198 ரூபாய் 24 காசு. அன்றைக்குப் பல வீடுகளில் பிள்ளைகள் தாளும் பேனாவுமாக அமர்ந்து, அம்மாவுக்கு எந்தச் சேனல், தாத்தாவுக்கு எது, கிரிக்கெட்டை விட்டுவிடலாமா என்று கூட்டிக் கழித்தனர். சென்னையில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த பாடம் நாடு முழுவதற்கும் வந்தது. 2024 ஜூலையில் வலையமைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பையும் டிராய் நீக்கிவிட்டது.

மாதச் சந்தாவே இல்லாத ஒரு வழியும் இருபது ஆண்டுகளாக உண்டு என்பதை நடுத்தரத் தமிழ் வீடுகள் பெரிதும் கவனிக்கவில்லை. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தூர்தர்ஷன் தொடங்கிய சேவை, பின்னர் 'டிடி ஃப்ரீ டிஷ்' ஆயிற்று. டிஷ்ஷையும் பெட்டியையும் ஒரு முறை வாங்கினால் போதும். வட மாநிலங்களின் எளிய வீடுகளில் அது பெருகியது. இங்கே பெருகாமைக்குக் காரணம் வெளிப்படை: அதில் இந்திச் சேனல்கள் மிகுதி, தமிழ்ச் சேனல்கள் சொற்பம். காசில்லாதவருக்கும் மொழி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் அயல்மொழிக் காட்சியைவிட, கடன் சொல்லிப் பார்க்கும் தாய்மொழிக் காட்சியையே நம் வீடுகள் தேர்ந்தன.

அம்மாவுக்கு இப்போது எழுபதைக் கடந்த வயது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். ஊர் வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை தொலைக்காட்சிதான். சில மாதங்களுக்கு முன் நாம் பணம் அனுப்ப மறந்த ஒரு தேதியில், இரவுத் தொடரின் நடுவே திரை நின்றது. அம்மா நமக்குத் தொலைபேசவில்லை. பழக்கத்தால் கேபிள்காரரைத்தான் அழைத்திருக்கிறார். மிதிவண்டியில் வந்த அதே மனிதர், தலை நரைத்துவிட்டது. அவர் சொன்னாராம்: "அக்கா, நான் கட்டாம மேல ஆன் ஆகாது. இப்பல்லாம் என் கையில இல்லக்கா." சொன்னவர், அன்றிரவே தம் பணத்தைக் கட்டி இணைப்பை மீட்டும் கொடுத்திருக்கிறார்.

முன்பு கணக்கின் ஓட்டையில் விளைந்த பொறுமை, இப்போது அவர் சட்டைப் பையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அப்படி எத்தனை வீடுகளுக்கு அவரால் கொடுக்க இயலும்? மின்கட்டணத்துக்குக் கெடு நாள் உண்டு. கூட்டுறவுக் கடனுக்கும் தவணை உண்டு. ஒரு வாரம் பொறுத்து நிறுத்து என்று ஒரு பெட்டிக்குக் கட்டளையிடுவது தொழில்நுட்பத்துக்கு அரிய செயலன்று. பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொன்ன அலைகளின் மேல் நடக்கும் வணிகத்திடம், அந்த ஒரு வாரத்தைக் கேட்பது மிகையும் அன்று.

பழைய அட்டைகளில் ஒன்றை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். அதில் மூன்று கட்டங்கள் வெறுமையாக உள்ளன. அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் படம் ஓடிற்று.