எண்ணெய் போட்ட தடம்

பௌலிங் என்றதும் நம்மவர்களுக்கு அஸ்வினும் சேப்பாக்கமும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அது இல்லை. மால்களில் ஷூவை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, கனத்த உருண்டை ஒன்றில் மூன்று விரலை நுழைத்து உருட்டி, கோடியில் நிற்கும் பத்து பின்களைச் சாய்க்கிறார்களே, அந்த பௌலிங். ஆனாலும் சேப்பாக்கத்தை இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கிரிக்கெட்டில் டாஸ் போடுவதற்கு முன்பே பிட்ச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எங்கே வெடித்திருக்கிறது, எங்கே புல் இருக்கிறது, எத்தனையாவது நாள் பந்து திரும்பும் என்று ஊரே ஜோசியம் சொல்லும். பத்து பின் பௌலிங்கிலும் அப்படி ஒரு பிட்ச் உண்டு. என்ன, அது கண்ணுக்குத் தெரியாது. லேனில் பூசிய எண்ணெய்தான் அந்த பிட்ச்.

1982 ஜூலை 1. கலிஃபோர்னியாவின் லா ஹாப்ரா என்ற ஊரில் வழக்கமான வாராந்திர லீக் ஆட்டம். க்ளென் அலிசன் என்பவருக்கு அப்போது வயது 52. பழைய தொழில்முறை ஆட்டக்காரர், பட்டங்கள் வென்றவர், பெயர் தெரிந்த ஆள்தான். ஆனால் அவருடைய நல்ல காலம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அன்று அவர் ஒரு ஆட்டத்தில் 12 ஸ்டிரைக் போட்டார். அடுத்த ஆட்டத்திலும் 12. மூன்றாவதிலும் 12. மொத்தம் 36 முறை உருட்டினார், 36 முறையும் பத்து பின்னும் விழுந்தன. ஆட்டத்துக்கு 300 வீதம் மூன்று ஆட்டத்துக்கு 900. இதற்கு மேல் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாது.

1895-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ்தான் அப்போது இந்த ஆட்டத்தின் கணக்குப்பிள்ளையாக இருந்தது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: லேனில் எண்ணெய் எப்படிப் பூசப்பட்டிருந்தது? ஆய்வு செய்துவிட்டு, எண்ணெய் விதிப்படி இல்லை, ஆகவே 900 செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அலிசன் ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணெய் பூசியதும் அவர் இல்லை. அவர் முறையீடு செய்தும் முடிவு மாறவில்லை.

இது நியாயமா என்று கேட்பதற்கு முன் அந்த எண்ணெய் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரு லேன், கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி நீளம். அகலத்தில் 39 பலகைகள், ஒவ்வொன்றும் சுமார் ஓர் அங்குலம். முன்பகுதியில் ஏறக்குறைய 40 அடிக்கு எண்ணெய் பூசுவார்கள், கடைசி 20 அடி உலர்ந்து கிடக்கும். மொத்த எண்ணெயே 25 மில்லி வாக்கில்தான் இருக்கும். நம் வீட்டில் நாலைந்து தோசைக்கு ஊற்றுகிற அளவு. அதை இவ்வளவு நீளத்துக்கு இழுத்தால் எவ்வளவு மெலிதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குனிந்து தொட்டால்தான் விரலில் பிசுபிசுக்கும். ஆனால் எண்ணெய் இருக்கும் இடத்தில் பந்துக்குக் கிடைக்கும் உராய்வு, உலர்ந்த இடத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே பக்கவாட்டுச் சுழற்சியோடு விட்ட பந்து, எண்ணெயில் சுழன்றுகொண்டே நேராக வழுக்கிப் போகும். உலர்ந்த மரத்தைத் தொட்டதும் பிடி கிடைத்து, சட்டென்று உள்பக்கம் வளையும். இந்த வளைவுக்குத்தான் ஹூக் என்று பெயர். நேராகப் போகிற பந்து முதல் பின்னில் மோதியதும் விலகி ஓடிவிடும். ஆறு டிகிரி வாக்கில் சாய்ந்து நுழைகிற பந்து விலகாமல் உள்ளே துளைத்துக்கொண்டு போகும். பத்தும் விழுவதற்கு வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

இப்போது ஒரு தந்திரம். எண்ணெயைச் சமமாகப் பூசாமல், நடுவில் கெட்டியாகவும் ஓரங்களில் பேருக்குக் கொஞ்சமாகவும் பூசினால் என்ன ஆகும்? வலக்கை ஆட்டக்காரர் கை தவறி வலப்பக்கம் அதிகமாக விட்டாரா? அங்கே காய்ந்த பலகை, பந்து நன்றாகப் பிடித்துத் திரும்பி வந்துவிடும். உள்பக்கமாக விட்டாரா? அங்கே எண்ணெய் நிறைய, பந்து வளையாமல் வழுக்கிக்கொண்டு இலக்குக்கே போகும். இரண்டு தவறையும் தரையே திருத்திக் கொடுத்துவிடுகிறது. இதற்கு பிளாக் என்று பெயர். பௌலிங் கூடம் நடத்துகிறவர்களுக்கு இதில் வியாபாரம் இருந்தது. நம்ம கூடத்துக்கு வந்தா நல்ல ஸ்கோர் வருதுன்னு பேர் வந்துட்டா கூட்டம் தானா வரும். அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் தடுக்கப் பார்த்தது இதைத்தான்.

இத்தனைக்கும் எண்ணெய் லேனுக்கு வந்தது ஆட்டத்துக்காக இல்லை, மரத்துக்காக. முன்பகுதியிலும் பின்கள் நிற்கும் இடத்திலும் மேப்பிள், நடுவில் பைன். மேலே அந்தக் காலத்தில் அரக்குப் பூச்சு, அப்புறம் லாக்கர். ஏழு கிலோ உருண்டை தொப்பென்று விழுந்து தேய்த்துக்கொண்டு போனால் எந்தப் பூச்சு தாங்கும்? அதற்காகத் தடவியதுதான் எண்ணெய். லாக்கர் மென்மையானது, ரப்பர் பந்துக்கு அதில் நல்ல பிடிப்பு இருந்தது. ஆனால் சுலபத்தில் தீப்பிடிக்கும். 1960-களுக்குப் பிறகு கடினமான யூரிதேன் பூச்சுகள் வந்தன. தரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதே காலத்தில் பந்தும் ரப்பரிலிருந்து பாலியெஸ்டருக்கு, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. கெட்டித் தரையில் கெட்டிப் பந்து, நடுவே எண்ணெய். பந்து வளைய மறுத்தது.

இதற்கு டான் மெக்யூன் கண்டுபிடித்த வழியைப் படித்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறப்போட்டார். பந்தின் தோல் இளகியது. இளகிய தோல் தரையைப் பிடித்தது. 1973-ல் மட்டும் தொழில்முறைச் சுற்றில் ஆறு பட்டங்களை வென்று அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். விஷயம் வெளியே கசிந்ததும் மற்றவர்களும் வாளியும் கரைப்பானுமாகக் கிளம்பிவிட்டார்கள். ஆவியாகி எளிதில் பற்றிக்கொள்ளும் திரவம் அது, முகர்ந்தாலே தலை சுற்றும். சில ஆண்டுகளுக்குள் பந்தின் கடினத்தை டியூரோமீட்டர் என்ற கருவியால் குத்திப் பார்த்து, இந்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்று விதி போட்டார்கள். மெக்யூன் செய்தபோது அதைத் தடுக்கும் விதி இல்லை, ஆகவே அவருடைய ஆறு பட்டங்களும் அவருக்கே நிலைத்தன. அலிசனின் 900-ஐ யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பந்தைத் தன் கையாலேயே மாற்றியவருக்குப் பட்டம் நின்றது. யாரோ பூசிய எண்ணெயில் ஆடியவருக்கு நிற்கவில்லை.

1981-ல் ஏஎம்எஃப் நிறுவனம் ஆங்கிள் என்ற யூரிதேன் பந்தைக் கொண்டுவந்தது. ஊறப்போடாமலேயே பிடிப்பு. பத்தே வருஷத்தில் அதுவும் பழசாகிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் வந்த ரீஆக்டிவ் ரெசின் பந்துகளின் மேல்தோலில் நுண்ணிய துளைகள் உண்டு. அவை எண்ணெயை உறிஞ்சும். பந்து எண்ணெய்மீது வழுக்கிப் போகிற வழியிலேயே அதைக் குடித்துக்கொண்டும் போகிறது. இதில் இரண்டு விளைவு. பந்து முன்னைவிடப் பல மடங்கு கூர்மையாக வளைகிறது. தரையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது, எல்லோரும் உருட்டும் தடத்தில் எண்ணெய் தீர்ந்துபோய் முதல் ஆட்டத்தில் ஸ்டிரைக் கொடுத்த அதே வீச்சு மூன்றாவதில் எங்கோ போய் நிற்கும். பழைய யூரிதேன் பந்து குடிக்காது, எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய்க் காய்ந்த பகுதியில் தீற்றிவிடும். ஆகவே பக்கத்தில் ஆடுகிறவர் எந்தப் பந்து வைத்திருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. (எண்ணெய் குடித்துச் சோர்ந்த பந்தை வெந்நீரில் போட்டு ஊறவைத்து எண்ணெயை வெளியே எடுக்கிறவர்கள் உண்டு. எண்ணெய்க் குளியல் பந்துக்கும் உண்டு போலிருக்கிறது, தலைகீழாக.)

ஸ்கோர் என்ன ஆனது? 1968-69 பருவத்தில் அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் அங்கீகரித்த 300 ஆட்டங்கள் சுமார் 900. 1998-99-ல் 34,000-க்கும் மேல். அந்த முப்பது ஆண்டில் மனிதர்களின் கை அத்தனை தேறிவிட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள். 1997 பிப்ரவரி 2 அன்று நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஜெரமி சோனன்ஃபெல்ட் என்ற கல்லூரி மாணவர் 900 எடுத்தார், லேன் விதிப்படி இருந்தது, முதல் அதிகாரபூர்வமான 900 அவருடையதாகப் பதிவானது. அதன்பிறகு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதை எட்டிவிட்டார்கள். அந்த மாணவர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் 1982-ல் எண்ணெயைக் காரணம் காட்டி மறுத்தவர்கள், அந்த எண்ணெயையே உறிஞ்சும் பந்துகளை அனுமதித்தது எனக்குக் கணக்காகப் படவில்லை. அலிசன் பக்கம்தான் நான். அதே எண்ணெய்மீது அந்த வாரம் எத்தனையோ பேர் உருட்டியிருப்பார்கள், 36-ஐ அவர் ஒருவர்தான் போட்டார்.

எண்ணெய்ச் சண்டை இன்னும் ஓயவில்லை. சாதாரணக் கூடங்களில் இன்று நடுவில் பத்துப் பங்கு, ஓரத்தில் ஒரு பங்கு என்கிற அளவுக்குப் பூசுவது சகஜம், அதில் யாருக்கும் கோபமில்லை. பெரிய போட்டிகளில் இந்த விகிதத்தைக் குறைத்து, எண்ணெயின் நீளத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு ஆட்டக்காரர்களைத் திணறடிக்கிறார்கள். பந்தின் தோலும் திரும்ப வம்புக்கு வந்தது. 2016, 2017-ல் தயாரான பர்ப்பிள் ஹாமர் என்ற யூரிதேன் பந்துகள் போதிய கடினம் இல்லாதவை என்று 2022-ல் தேசியப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டன. இந்த முறை யாரும் வாளியில் ஊறப்போடவில்லை.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்காகச் சில போட்டிகளில் எண்ணெயில் நீலச் சாயம் கலந்து பூசிப் பார்த்தார்கள். முதல் பந்து உருளும்போது லேன் முழுக்கச் சீரான நீலம். ஆட்டம் போகப்போக அதில் வெளிறிய கோடுகள் விழுகின்றன, அடர்ந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்கள் பக்கம் நகர்கிறது. ஆட்டக்காரர் ஒரு பலகை இடப்பக்கம் தள்ளி நிற்கிறார், அடுத்த முறை இரண்டு பலகை.