சருகுத் தீயும் உண்ணிச்செடியும்: பிலிகிரிரங்கன் மலைச் சோளகரின் காட்டறிவு

கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டத்திலுள்ள பிலிகிரிரங்கன் மலை, மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடம். புதர்க்காடு, இலையுதிர்காடு, பசுமைமாறாச் சோலை, மலையுச்சிப் புல்வெளி என ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டருக்குள் பல வகைக் காடுகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. தெற்கே தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் காடு. எல்லையின் இருபுறமும் வாழும் பழங்குடியினரான சோளகரைத் தமிழ் வாசகர் பலர் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாகவே அறிவர். அந்நாவல் பேசும் காவல்துறைக் கொடுமை தனி வரலாறு. இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது அம்மக்களின் தீ வைக்கும் வழக்கம்: அது எப்படிக் குற்றமானது, பிறகு எப்படி ஆய்வுப்பொருளானது என்பது.

சோளகர் அதைத் ‘தரகு பெங்கி’ என்பர், சருகுத் தீ. கோடையின் முற்பகுதியில், சருகு காய்ந்தும் மண்ணில் சற்று ஈரம் எஞ்சியும் இருக்கும்போது வைப்பது. அந்தத் தீ முழங்கால் உயரத்துக்குமேல் எழாது. தரையை நக்கிக்கொண்டே நகர்ந்து தானாக அடங்கிவிடும். முதிர்ந்த மரத்தின் தடித்த பட்டைக்கு அதனால் பெரிய கேடில்லை. கருகிய தரையில் முதல் மழைக்குப் புல் துளிர்க்கும். மானும் காட்டெருமையும் மேய வரும். உண்ணிகள் குறையும், நடக்கும் பாதை கண்ணுக்குத் தெரியும். அதே தீயைப் பங்குனி கடந்து வைத்தால் கதை வேறு. எனவே அறிவு என்பது இங்கே ‘தீ நல்லது’ என்ற கருத்தில் இல்லை. எந்தச் சரிவில், எந்த வாரத்தில், எந்தக் காற்றில் வைப்பது என்ற கணிப்பில் இருக்கிறது. காட்டறிவைப் போற்றி எழுதுவோர் பலர் இந்த நுட்பத்தை விட்டுவிட்டுப் பொதுப்படையான புகழ்ச்சியில் நின்றுவிடுகிறார்கள்.

1800-01இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், சோளகரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஏழைகள், ஆடை குறைந்தவர்கள் என்ற அளவில் அவர் பார்வை நிற்கிறது. பின்னர் வந்த காலனிய வனத்துறைக்குக் காடு என்பது முதன்மையாக வெட்டுமரம். மரக்கன்றைக் கருக்கும் எந்தத் தீயும் பகை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ‘தீத்தடுப்பு’ வன நிர்வாகத்தின் பெருமைக்குரிய பணியாயிற்று. மலையின் மேற்பகுதியில் ஐரோப்பியர் காப்பித் தோட்டம் போட்டனர். ஆனாலும் காட்டுக்குள் சோளகரின் மாற்றிட வேளாண்மையும் சருகுத் தீயும் ஓரளவு தொடர்ந்தே வந்தன.

முறிவு விடுதலைக்குப் பின்னரே வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 1974இல் இம்மலை சரணாலயமானது. சோளகர் உட்காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டுச் சாலையோரக் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். வேட்டை, மாற்றிட வேளாண்மை, தீ மூன்றும் தடைசெய்யப்பட்டன. காப்பித் தோட்டங்கள் மட்டும் அங்கேயே நீடித்தன.

அதன்பின் காட்டின் கீழ்த்தளம் மாறத் தொடங்கியது. உண்ணிச்செடி இந்தியாவுக்கு அழகுச்செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்த வெப்பமண்டல அமெரிக்கச் செடி. பிலிகிரிரங்கன் மலையிலும் அது முன்பே இருந்தது என்றும், ஆண்டுதோறும் வந்த சருகுத் தீ அதன் நாற்றுகளைத் தலைதூக்க விடவில்லை என்றும் சோளகர் முதியோர் விளக்கினர். தீ நின்றதும் புதர் மண்டியது. பெங்களூரைச் சேர்ந்த ‘ஏட்ரி’ ஆய்வு நிறுவனத்தார் காடு முழுவதும் அமைத்த மாதிரிக் கட்டங்களில், 1997இல் ஏறத்தாழ 41 விழுக்காட்டில் இருந்த உண்ணிச்செடி 2008இல் 81 விழுக்காட்டை எட்டியிருந்தது. இந்தப் பரவலுக்குத் தீத்தடை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சோளகர் சொன்ன காரணத்தைப் புறந்தள்ளவும் இடமில்லை.

நெல்லிக்காய் விவகாரம் இன்னும் கூர்மையானது. இம்மலையில் இரண்டு வகை நெல்லி உண்டு. சோளகரின் வருமானத்தில் நெல்லிக்கும் தேனுக்கும் பெரும்பங்கு. நெல்லி மரங்கள் குறைந்தபோது, பறிப்பவர்களே குற்றவாளிகள் என்பது எளிதான முடிவாக இருந்தது. சோளகர் சுட்டிக்காட்டியது வேறொன்றை: கிளைகளில் ஒட்டி மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவி. முன்பு சருகுத் தீயின் வெப்பமும் புகையும் அதை மட்டுப்படுத்தின என்றனர். மரங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள், காய் பறிப்பைவிடப் புல்லுருவியும் உண்ணிச்செடியுமே நெல்லியைக் கூடுதலாக நலிவிக்கின்றன என்ற முடிவை நோக்கியே சென்றன. மரபறிவை அறிவியல் ‘உறுதிசெய்தது’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லாட்சியில் உடன்பாடில்லை. எதை அளக்க வேண்டும் என்ற கேள்வியே சோளகரிடமிருந்து வந்தது. அளந்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

விந்தை என்னவென்றால், இந்த ஆய்வுகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பறிப்பும் தடைபட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தத்தின் விளைவாக, 2006 வாக்கில் சிறுவனப் பொருள்களைச் சேகரித்து விற்பது இங்கே நின்றது. அதே 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. 2011 தொடக்கத்தில் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டங்கள் கிடைத்தன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இவ்வுரிமை ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை. தெய்வங்களும் முன்னோரும் உறையும் குலவாரியான புனித இடங்களைச் சோளகர் ஆய்வாளருடன் சேர்ந்து வரைபடமாக்கியிருந்ததும் காட்டோடு அவர்களுக்குள்ள தொன்மையான உறவை எடுத்துக்காட்ட உதவியது. இன்று பெருஞ்சம்பகம் நிற்கும் தொட்டசம்பிகே கோயிலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் காண்பது அந்த வரைபடத்தின் ஒரு புள்ளியை மட்டுமே.

பட்டம் கிடைத்ததும் தீ திரும்பிவிடவில்லை. இப்போது அதை அப்படியே திருப்பவும் முடியாது. ஆளுயர உண்ணிப் புதரில் தீ பிடித்தால் அது தரையில் ஊராது, மரக்கிளைக்குத் தாவும். முதலில் புதரை வேரோடு அகற்றி, அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் முன்கோடையில் தீ வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த மழைக்குப்பின் புல்லும் நெல்லி நாற்றும் எழுகின்றனவா எனப் பதிவுசெய்ய வேண்டும். அருகிலுள்ள மாதேஸ்வரன் மலையில் சோளகர் உண்ணிச்செடித் தண்டில் நாற்காலியும் மேசையும் செய்து விற்கிறார்கள். பிழைப்புக்கு அது உதவும். காட்டில் மண்டிக்கிடக்கும் அளவுக்கு முன் அது சிறு முயற்சியே. மேலே சொன்ன தீச் சோதனைக்கு வனத்துறையின் ஒப்புதல் வேண்டும், கிராம சபையின் முடிவு வேண்டும், சரிவையும் காற்றையும் கணிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். 1974இல் இருபது வயதில் தீ வைத்துப் பழகியவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. கோப்பு நகரும் வேகத்தைவிட இந்தக் கணக்கே அவசரமானது.