மூத்தவர் முந்துவார்: வன்னிக் கொலனிகளில் மூன்றாவது பிள்ளையின் இடம்

வட்டக்கச்சியிலோ உருத்திரபுரத்திலோ ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து குடும்பக் கணக்கைக் கேட்டால், பேச்சு பால்மா, பள்ளிக்கூடச் சப்பாத்து, ரியூசன் காசு என்று தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அது பெமிற்றில், அதாவது அரச காணி அனுமதிப்பத்திரத்தில், வந்து நிற்கும். காணி ஆரின் பெயரில்? மற்றவைக்கு என்ன வழி? மூன்றாவது பிள்ளையைக் குடும்பம் தாங்குமா என்ற கேள்வி வன்னிக் கொலனிகளில் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் கேட்கப்படுகிறது. அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் தேடல். நிலம் போதவில்லை, பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்பது வழமையான விடை. அதற்கு அறிவார்ந்த உருவம் கொடுத்தவர் பி.எச். ஃபார்மர். அவருடைய வாசிப்போடு எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஒரு எல்லையை வகுத்துக்கொள்ளலாம். 1895இல் வெளிவந்த ஜே.பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைநூல் காட்டும் நாட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அங்கே காடும் தூர்ந்த குளங்களும் கிடந்தன. காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் தின்ற சிறு ஊர்கள் இருந்தன. ஆள் போதாமைதான் அந்த நாட்டின் கவலை. பிறந்த பிள்ளை தங்குமா என்று ஏங்கிய வீட்டில், மூன்றாவதைத் தாங்கலாமா என்று எவரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் கட்டு வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. 1940களின் பிற்பகுதியில் மலேரியாவுக்கு எதிரான டி.டி.ரி. தெளிப்பு வந்தது. நாடு முழுவதற்குமான இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்து அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. அந்த இறக்கத்தில் டி.டி.ரி.யின் பங்கு எவ்வளவு என்பது வேறொரு பழைய சண்டை; அதற்குள் நான் போகவில்லை. பிள்ளைகள் தங்கத் தொடங்கினார்கள் என்பது இங்கே போதும்.

இனி ஃபார்மர். கேம்பிரிட்ஜ் புவியியலாளரான அவர் இலங்கையின் உலர்வலயக் குடியேற்றங்கள் பற்றி 1957இல் எழுதிய நூல் இன்றும் இத்துறையின் வாசற்படி. 1955–58 காணி ஆணைக்குழுவில் உறுப்பினராகவும் இருந்தவர் என்பதால், மேசையில் இருந்து மட்டும் எழுதினார் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. குடியேற்றவாசிக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் என்ற ஆரம்ப அளவு பிறகு 3 ஏக்கரும் 2 ஏக்கருமாகச் சுருங்கிய காலத்தில் அவர் எழுதினார். ஒரு குடும்பத்தின் கையுழைப்பு எத்தனை ஏக்கரைச் சமாளிக்கும்? எத்தனை ஏக்கர் அந்தக் குடும்பத்தின் வாய்களுக்குப் போதும்? அவருடைய வாதத்தின் அச்சு இந்த இரண்டு கேள்விகள்தான் என்பது என் வாசிப்பு. முதலாவதை வைத்துப் பார்த்தால், கூலிக்கு ஆள் பிடிக்கவும் வாரத்துக்கு விடவும் வேண்டிவரும் அளவுக்குப் பழைய துண்டு பெரிது. இரண்டாவதை வைத்துப் பார்த்தால், பிள்ளைகள் வளர்ந்ததும் அதே துண்டு சிறிது. ஆகவே இரண்டாம் தலைமுறையில் காணி மறைமுகமாகத் துண்டாடப்படும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

இந்த வாசிப்பில் குடும்பம் என்பது ஒரு தொகை. இத்தனை கை, இத்தனை வாய். மூன்றாவது பிள்ளை அந்தத் தொகையில் கூடும் ஒன்று, அவ்வளவுதான். தொகைக் கணக்கு சரியென்றால், நெருக்கம் கூடிய இடத்தில் கேள்வி கூர்மையாகவும் ஆட்கள் ஐதான இடத்தில் மழுங்கியும் இருக்க வேண்டும். முல்லைத்தீவைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் அந்த மாவட்டத்தில் 92,238 பேர். பரப்பு ஏறக்குறைய 2,600 சதுர கிலோமீற்றர். சதுர கிலோமீற்றருக்கு அப்போது 40 பேர்கூட இல்லை. கிளிநொச்சியில் 113,510 பேர், வவுனியாவில் 172,115 பேர். நாட்டின் மிக ஐதான குடிப்பரம்பல் உள்ள பகுதிகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, இளைய மகனுக்குக் காணி இல்லையே என்று ஒரு தாய் சொல்கிறாள் என்றால், அந்தத் தட்டுப்பாடு மண்ணில் உண்டானதாக இருக்க முடியாது. அது கடதாசியில் உண்டானது.

அந்தக் கடதாசி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதிலும் குறிப்பாக அதன் மூன்றாம் அட்டவணை. ஆய்வாளர்கள் பலரும் பின்னிணைப்பு என்று தாண்டிப் போகும் பகுதி அது. அனுமதிப்பத்திரம் உடையவர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்து, வாழ்க்கைத்துணையின் உரிமையும் முடிந்தபின் காணி யாருக்கு என்பதை அது வரிசைப்படுத்துகிறது. 2022 திருத்தம்வரை அங்கே முதலில் ஆண்மக்கள். அடுத்து பெண்மக்கள். பிறகு பேரன்மார், பேத்திமார், தந்தை, தாய், சகோதரர், சகோதரியர் என்று மாமன்மார், மாமிமார், மருமக்கள்வரை இறங்கியது. ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னே, பெண் பின்னே. இந்த ஆண்–பெண் வரிசை பற்றிப் பெண்ணுரிமை நோக்கில் நிறைய எழுதியிருக்கிறார்கள், அது நியாயமும்கூட. நான் நிற்க விரும்புவது அதற்கு அடுத்த இரண்டு நிபந்தனைகளில். உரிமை அந்த உறவினர்களில் ஒருவருக்கு மட்டுமே போகும். ஒரே படியில் பலர் இருந்தால் மூத்தவர் இளையவரை முந்துவார்.

ஒருவருக்கு மட்டுமே, அவரும் மூத்தவர். இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஃபார்மரின் தொகை உடைந்து வரிசையாகிறது. ஒரு கொலனிக் குடும்பத்தில் இரண்டாவது பிள்ளைக்கும் ஏழாவது பிள்ளைக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு அதிகம் இல்லை. இருவரும் மூத்தவருக்குப் பின்னால் நிற்பவர்கள். ஃபார்மர் இந்த ஏற்பாட்டை அறியாதவர் அல்லர். காணியைத் துண்டாடலில் இருந்து காக்கும் வேலியாக அவர் அதைப் பார்த்தார், வேலி தாங்குமா என்று கவலைப்பட்டார். வேலிக்கு வெளியே விடப்பட்டவர்கள் யார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அவருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: நூல் வெளிவந்தபோது வவுனிக்குளக் கொலனியோ முத்தையன்கட்டுக் கொலனியோ ஒரு தலைமுறையைக்கூடக் கண்டிருக்கவில்லை. அங்கே காண முடியாததை அவர் காணவில்லை என்று குறை சொல்வது அநியாயம். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களும் அதே தொகையைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்ததற்குச் சமாதானம் சொல்வது கடினம்.

இந்த வரிசைக்கு ஒரு முன்வாசலும் உண்டு. காணிக் கச்சேரியில் குடியேற்றவாசிகளைத் தெரிவுசெய்தபோது நிலமற்றவர், கமம் தெரிந்தவர், பெரிய குடும்பக்காரர் ஆகியோர் முன்னே நின்றார்கள். பிள்ளைகள் அதிகம் என்பது அங்கே தகுதி. நான்கு பிள்ளைகளைக் காட்டிக் காணி பெற்ற ஒருவர், அந்த நால்வரில் ஒருவருக்கே அதைக் கொடுக்க முடிந்தது. ஒரே அரசு ஒரே குடும்பத்தை இரண்டு தடவை எண்ணியது. நுழையும்போது எல்லாரையும், கைமாறும்போது ஒருவரை. வன்னியில் மூன்றாவது பிள்ளை ஒரு கேள்வியானது இந்த இரண்டு எண்ணல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் என்பதே என் துணிபு.

தெற்கில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே சேர்ந்துகொண்டது. இக்கொலனிகளுக்கு வந்தவர்களில் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப்பகுதியிலும் இருந்து தேசவழமையைச் சுமந்து வந்தவர்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்துப் பார்க்கும் மரபு அது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிள்ளைகள் சமபங்காளிகள். பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதுவது பெற்றோரின் முதற்கடன். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, தன் காணிகளுக்கு வேறெந்த வாரிசுச் சட்டமும் பொருந்தாது என்கிறது. ஊரில் இருந்த பரப்புக் காணியை மூன்றாகப் பிரிக்கத் தெரிந்த தகப்பன், கொலனியில் கிடைத்த ஐந்து ஏக்கரை இரண்டாகக்கூடப் பிரிக்க முடியாமல் நின்றார். கையில் இருந்த நிலம் முன்பைவிடப் பெரிது. பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியது முன்பைவிடக் குறைவு.

இங்கே என் வாதத்தின் பலவீனத்தை நானே காட்டிவிடுகிறேன். மூன்றாம் அட்டவணை பேசுவது நியமனம் இல்லாதபோது மட்டும். விரும்பிய பிள்ளையை நியமிக்கப் பெற்றோருக்கு வழி இருந்தது. வயதான காலத்தில் பெற்றோர் கடைசிப் பிள்ளையோடு, பெரும்பாலும் கடைசி மகளோடு, இருப்பது இப்பகுதி வழக்கம். அப்படியானால் இளையவர் பெயரில் நியமனங்கள் நிறையப் போயிருக்கலாம், அட்டவணை வெறும் எழுத்தாக இருந்திருக்கலாம். இதை மறுக்கப் பதிவேட்டு எண்ணிக்கையை நான் முன்வைக்கவில்லை. ஆனால் நியமனத்தை ஒரு பரிகாரமாகக் காண்பது கணக்கை மறப்பதாகும். இளையவரை நியமித்தால் மூத்தவர் வெளியே போகிறார். வெளியே நிற்பவரின் முகம் மாறுகிறது, எண்ணிக்கை மாறவில்லை. அதோடு, எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்க ஒருவர் பெயரை எழுதுவது தகப்பன் தள்ளிப்போடும் காரியம். நியமனம் இல்லாமல் போவதற்கு அறியாமையைவிடப் பாசம் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். தள்ளிப்போட்ட இடத்தில் அட்டவணை வந்து உட்காரும். பெயர் ஒருவரில், கமம் இன்னொருவரில் என்ற ஏற்பாடுகள் அப்படித்தான் பிறந்தன. மேட்டுக்காணியில் மகளுக்கு ஒரு வீடு, வயலில் அண்ணனும் தம்பியும் போகம் மாறி விதைப்பு, எல்லாம் வாய்ச்சொல்லில். ஃபார்மர் அஞ்சிய மறைமுகத் துண்டாடல் இதுதான். அவர் அதைச் சட்டத்தின் தோல்வி என்பார். தேசவழமை பின்வாசலால் வீட்டுக்குள் வந்தது என்று நான் சொல்வேன்.

வெளியே நின்ற பிள்ளைக்கு மூன்று போக்கிடங்கள் இருந்தன. ஒன்று, விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் வந்த இளைஞர் குடியேற்றத் திட்டங்கள். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அங்கே கைநிறையக் காசு புழங்கியது. 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறக்க விலை விழுந்தது. இரண்டு, படிப்பும் உத்தியோகமும். மூன்று, கொலனி ஓரத்துக் காடு. வெட்டி, எரித்து, வேலி போட்டு, சில வருடம் பொறுத்தால் அத்துமீறல் ஒருநாள் ஒழுங்காக்கப்படும் என்ற நம்பிக்கை. காடு இருந்தவரை மூன்றாவது பிள்ளை ஒரு சுமையாகத் தெரியவில்லை. மலையகத்தில் இருந்து, சிறப்பாக 1977 வன்செயலின் பின், வந்து குடியேறியவர்களில் பலருக்குப் பெமிற்றே இருக்கவில்லை. அவர்களுடைய குடும்பக் கணக்கை இக்கட்டுரையின் அளவுகோலால் அளப்பது தவறு. அது தனியே எழுதப்பட வேண்டியது.

கேள்வி பிறந்த ஆண்டைக் கேட்டால் என்னால் ஒரு தசாப்தத்தைத்தான் காட்ட முடியும். 1950களில் குடியேறியவர்களின் பிள்ளைகள் கலியாண வயதுக்கு வந்த காலம் என்று கொண்டால், 1960களின் பிற்பகுதியில் இருந்து 1970களின் முடிவுவரை. அதற்குப் பின்னான மாற்றத்தைத் தொடர முயன்றால் சான்று அறுந்துவிடுகிறது. 1981க்குப் பின் 1991இல் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எண்ணப்படவில்லை. 2006–07 குடித்தொகை, சுகாதார ஆய்வு வட மாகாணத்துக்கு வரவேயில்லை. நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1953இல் 5.3 ஆக இருந்த பிள்ளைகளின் சராசரி 2016இல் 2.2 ஆனது என்று சொல்லலாம். அந்தச் சரிவின் நடுப்பகுதியில் வன்னி வெற்றிடம். 31 வருடம் எண்ணப்படாத ஒரு நாட்டைப் பற்றி நேர்கோடு கீறுகிறவர்களை நான் நம்புவதில்லை.

போருக்குப் பின் கேள்வி வேறு உடை போட்டு வந்தது. இடப்பெயர்வில் பொலித்தீன் பையில் சுற்றிக் காத்த கடதாசிகளில் பெமிற்றும் ஒன்று. காப்பாற்ற முடியாமல் போனவர்கள் பலர். வட கிழக்கு அரச காணிப் பிணக்குகளுக்கென்று 2013இல் தனிச் சுற்றறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் மூன்றாவது பிள்ளைக்கு அரசு வெளிப்படையாகவே விலை குறித்தது. 2010 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், படையினரதும் பொலிசாரதும் மூன்றாவது பிள்ளைக்கு 100,000 ரூபா தர முன்மொழிந்தது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்த பெண்ணுக்கோ 2018 திருத்தம்வரை முதல் இரு பேறுகளுக்கு 84 நாள் விடுப்பு, மூன்றாவதுக்கு 42 நாள். 2013இல் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஊர்களில் பெண்களுக்கு முறையான சம்மதமின்றிக் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டை சமூகச் சிற்பிகள் அமைப்பு அதே ஆண்டில் ஆவணப்படுத்தியது. இவற்றை ஒரே சதியின் கண்ணிகளாகக் கோப்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஒரே பிள்ளை, பெற்றவர் யார் என்பதைப் பொறுத்து, ஒரே மாவட்டத்தில் வெவ்வேறாக எண்ணப்பட்டது என்று மட்டும் சொல்லலாம்.

2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மூன்றாம் அட்டவணையைத் தொட்டது. ஆண்மக்கள், பெண்மக்கள் என்ற இரு படிகள் பிள்ளைகள் என்ற ஒரே படியாயின. மூத்தது மகளானால் இனி மகளுக்கே முதலிடம். 87 வருடத்துக்குப் பின் வந்த நல்ல திருத்தம். ஆனால் மூத்தவர் முந்துவார் என்பது முந்திக்கொண்டே இருக்கிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் இடையிலான அநீதி தீர்ந்தது. மூன்றாவதாகப் பிறந்தவர், ஆணோ பெண்ணோ, நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

அவருக்கு முன்பு காடு இருந்தது. இன்று வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் பல ஊர்களில் வேலிக்கு அருகிலேயே நடப்பட்டிருக்கின்றன. அவற்றில் எது பழைய ஒதுக்கக்காடு, எது போர்க்கால இடப்பெயர்வில் காடாகிப்போன பழைய வளவு என்று பிரிப்பது இன்னும் முடியாத வேலை. ஃபார்மர் கேட்ட கேள்விக்கு, இத்தனை ஏக்கர் எத்தனை வாய்க்குப் போதும் என்பதற்கு, வன்னியில் இன்றும் தாராளமான விடை கிடைக்கும். விறாந்தையில் கேட்கப்படும் கேள்விக்கு அந்த விடை உதவாது.