ஜியாவ்சி: வடசீனத்தின் பன்றி இறைச்சிக் கொழுக்கட்டை

கோதுமை மாவை மெல்லிய வட்டமாகத் திரட்டி, நடுவில் கொத்துக்கறியும் காய்கறியும் கலந்த பூரணத்தை வைத்து, விளிம்பை அழுத்தி மூடித் தண்ணீரில் வேகவைக்கும் வடசீன உணவு ஜியாவ்சி. பூரணத்தில் ஆட்டிறைச்சி, இறால், முட்டை எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஹுயி முஸ்லிம்கள் ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோதான் வைப்பார்கள். வடசீனத்தின் மற்ற பெரும்பாலான வீடுகளில் பன்றி இறைச்சியும் சீன முட்டைக்கோஸும் சேர்ந்த பூரணமே அன்றாட வழக்கம். தண்ணீரில் வெந்தது ஷுயிஜியாவ், ஆவியில் வெந்தது ஜெங்ஜியாவ், தட்டைச் சட்டியில் அடிப்பக்கம் பொரிந்தது குவோத்தியே. வீட்டில் செய்வதில் முதலிடம் தண்ணீரில் வேகவைப்பதற்கே. இக்கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

பொருள்கள் எளியவை, மசாலா குறைவு. செய்முறையின் நுட்பமெல்லாம் தண்ணீரைக் கையாள்வதில் இருக்கிறது. மாவுக்கு எவ்வளவு தண்ணீர், கறிக்குள் எவ்வளவு ஏற்றுவது, முட்டைக்கோஸிலிருந்து எவ்வளவு பிழிந்தெடுப்பது, பாத்திரத்தில் கொதியை எப்படி அடக்குவது ஆகிய நான்கும் சரியாக அமைந்தால் புதிதாகச் செய்பவருக்கும் நல்ல ஜியாவ்சி வந்துவிடும்.

வரலாறு

சீனாவில் ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே நெல் விளையும் நிலம், வடக்கே கோதுமை நிலம். ஜியாவ்சி இந்த வடக்கின் உணவு. ஷின்ஜியாங்கில் துர்ப்பான் அருகே உள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் அரசமரபுக் காலத்து (618–907) ஜியாவ்சிகள் காய்ந்து இறுகிய நிலையில் கிடைத்துள்ளன. பாலைவனத்தின் வறட்சியால் அவை கெடாமல் தப்பின. பிறை வடிவமும் அழுத்தி மூடிய விளிம்பும் இன்றைய ஜியாவ்சியை அப்படியே ஒத்திருக்கின்றன.

மக்கள் சொல்லும் கதை இன்னும் பழையது. கி.பி. 2–3ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜொங்ஜிங், குளிரில் காது புண்ணாகித் தவித்த தம் ஊர் ஏழைகளுக்கு ஆட்டிறைச்சியையும் உடம்பைச் சூடாக்கும் மூலிகைகளையும் மாவில் காது வடிவில் பொதிந்து, வேகவைத்துக் கொடுத்தாராம். ஹெனான் மாநிலத்து நான்யாங் அவருடைய ஊர். குளிர்கால நோய்களைப் பற்றி அவர் எழுதிய மருத்துவ நூல் உண்மையான வரலாறு. காது வடிவக் கொழுக்கட்டை செவிவழிக் கதை. சிலர் சொல்லும் வடிவத்தில் மிளகாயும் அந்த மருந்தில் சேர்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்கு வந்ததோ 16ஆம் நூற்றாண்டில்தான். எனவே அந்தப் பகுதி பின்னால் ஒட்டியது என்று உறுதியாகச் சொல்லலாம். கதை எப்படியிருந்தாலும், டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் குளிர்கால நெடிய இரவு நாளில் ஜியாவ்சி தின்னாவிட்டால் காது உறைந்து விழுந்துவிடும் என்று வடக்கில் இன்றும் குழந்தைகளிடம் சொல்கிறார்கள்.

மேல்மாவு

500 கிராம் மைதாவுக்கு 250 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. ஏறக்குறைய 60 ஜியாவ்சி வரும். வேகவைக்கும் வகைக்குப் பச்சைத் தண்ணீரில்தான் பிசைய வேண்டும். கோதுமையின் பசைப்புரதம் அப்போதுதான் வலைபோல் இழையோடும்; மேல்மாவு கொதிநீரில் கிழியாமல் தாங்கும். சுடுநீர் ஊற்றினால் மாவின் ஸ்டார்ச் பாதி வெந்து, புரதத்தின் இழுவை குறைந்து, மாவு மிருதுவாகிவிடும். ஆவியில் வைப்பதற்கும் சட்டியில் பொரிப்பதற்கும் அது நல்லது, தண்ணீரில் போட்டால் கரையும். அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறிக் கொழுக்கட்டைக்கு மேல்மாவு செய்து பழகிய கைக்கு இது நேர்மாறான பழக்கம். அரிசி மாவில் பசைப்புரதம் கிடையாது; வெந்த ஸ்டார்ச்தான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது.

தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைய வேண்டும். மாவு வழவழப்பாகி, பாத்திரத்திலும் கையிலும் ஒட்டாமல் வந்துவிட்டால் பதம் சரி. ஆனால் முதல் பிசைதலிலேயே அந்த வழவழப்பு வராது. பத்து நிமிடம் பிசைந்த மாவு கரடுமுரடாகவே இருக்கும். ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி நாலு தடவை மடித்துப் பிசைந்தால் அதே மாவு பட்டுப்போல் ஆகிவிடும். அவசரப்பட்டு மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மாவு இளகிவிட்டால் வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், மூடிய வாய் வேகும்போது திறந்துகொள்ளும்.

ஊறிய மாவைக் கயிறாக உருட்டி, 12 கிராம் அளவுத் துண்டுகளாக நறுக்கி, உள்ளங்கையால் தட்டையாக்க வேண்டும். சீனர்களின் திரட்டுக் கட்டை குட்டையானது, பிடியில்லாதது. வலது உள்ளங்கை கட்டையை விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை உருட்டிப் பின்வாங்கும். இடதுகை ஒவ்வொரு உருட்டலுக்கும் வட்டத்தைச் சிறிது திருப்பும். இப்படி முழுச் சுற்று வந்ததும் விளிம்பு மெல்லியதாகவும் நடு தடித்தும் 8 செ.மீ. வட்டம் ஒன்று கிடைக்கும். மூடும்போது விளிம்பில் இரண்டு அடுக்கு சேர்வதால் அங்கே மெலிந்திருக்க வேண்டும். பூரணத்தின் எடையைத் தாங்கும் அடிப்பகுதி தடித்திருக்க வேண்டும். கைதேர்ந்த ஒருவர் திரட்டினால் இரண்டு பேர் மூடிக்கொண்டே இருக்கலாம்.

பூரணம்

இறைச்சி பன்றியின் முன்தொடை மேல்பகுதியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். பத்தில் மூன்று பங்கு கொழுப்பு அவசியம். கொழுப்பில்லாத கறியை வைத்தால் பூரணம் வெந்ததும் கெட்டிக் கோலியாகிவிடும். ஆரோக்கியம் கருதிக் கொழுப்பை நீக்குவதைவிட, எண்ணிக்கையில் குறைத்துத் தின்பதே மேல். பல வீடுகளில் இரண்டு கத்திகளை இரு கையிலும் பிடித்து மரப்பலகையில் மாறி மாறிக் கொத்துவார்கள். எந்திரத்தில் அரைத்தால் தசைநார் நசுங்கிக் களியாகிவிடும். கத்தியால் கொத்தினால் சிறு மணிகளாக நின்று பல்லில் கடிபடும். கடையில் அரைத்த கறியே கிடைத்தாலும் பலகையில் போட்டு இரண்டு நிமிடம் கொத்திக்கொள்வது நல்ல பலன் தரும்.

அரைக் கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், துருவிய இஞ்சி, கொஞ்சம் வெள்ளை மிளகுத்தூள், ஒரு கரண்டி ஷாவ்ஷிங் அரிசி மது. இனி வருவதுதான் இந்தச் சமையலின் உயிரான கட்டம். சிச்சுவான் மிளகையும் இஞ்சி, வெங்காயத் தாளையும் சுடுநீரில் ஊறவைத்து வடித்து, நன்கு ஆறிய நீர் 100 முதல் 150 மில்லி எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு இரண்டு கரண்டியாகக் கறியில் ஊற்றி, ஒரே திசையில் கிளற வேண்டும். ஊற்றிய நீர் முழுதும் உள்ளே போன பிறகே அடுத்த கரண்டி. உப்பு, தசையிலுள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. கிளறக் கிளற அந்தப் புரதம் பசையாகி நீரையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்கிறது. முதலில் சொதசொதவென்று இருந்த கறி, பத்து நிமிடத்தில் வெளுத்து, கரண்டியோடு இழுபட்டு, பாத்திரத்தின் ஓரத்தில் இழை இழையாக ஒட்டத் தொடங்கும். அந்த இழை தெரிந்தால் நிறுத்திவிடலாம். வெந்த ஜியாவ்சியைக் கடித்ததும் வாயில் வழியும் சாறு இந்த நீர்தான். கறி குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். வெப்பத்தில் கொழுப்பு உருகிப் பசை பிடிக்காது. நம் ஊர் வெயிலில் செய்பவர்கள் பாத்திரத்தைப் பனிக்கட்டி மேல் வைத்துக் கிளறலாம்.

முட்டைக்கோஸுக்கு எதிர்வேலை. நீண்டு, வெளிர்பச்சையாக, இலை சுருங்கியிருக்கும் சீன முட்டைக்கோஸ் அரைக் கிலோவைப் பொடியாக நறுக்கி, உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, துணியில் கட்டிப் பிழிந்தால் எடை ஏறத்தாழப் பாதியாகும். பிழியாமல் போட்டால் மூடி முடிப்பதற்குள் பூரணம் நீர் விட்டு மேல்மாவை நனைத்துவிடும். பிழிந்த கோஸில் எள் எண்ணெய் ஊற்றிப் பிசிறினால் எண்ணெய் அதன் மேல் படிந்து மிச்ச ஈரத்தை அடக்கும். பிறகு நறுக்கிய வெங்காயத் தாளோடு கறியில் சேர்க்கலாம். சீன எள் எண்ணெய், எள்ளைக் கருக வறுத்து ஆட்டியது. மணம் தூக்கலாக இருக்கும். நல்லெண்ணெய் வேறு வகை, அந்த மணம் வராது. கொஞ்சம் எள்ளை வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் அருகில் போகலாம்.

உப்பு சரியா என்று பார்க்கப் பச்சைப் பூரணத்தை நாக்கில் வைக்கக் கூடாது. பன்றி இறைச்சியில் நாடாப்புழுவின் இளம்புழுப் பைகளும் டிரிக்கினெல்லா புழுக்களும் இருக்க வாய்ப்புண்டு. ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்துச் சட்டியில் சுட்டுச் சுவைத்துவிட்டு, மீதியைத் திருத்திக்கொள்ளலாம்.

மற்றப் பூரணங்களில் பூண்டு மணமுள்ள தட்டை இலைத் தாள் சேர்த்தது வசந்தகாலத்துக்கும், புளிக்கவைத்த கோஸான சுவான்சாய் சேர்த்தது மஞ்சூரியப் பகுதிக் குளிர்காலத்துக்கும் உரியவை. ஷான்துங் கடற்கரையில் சீலா மீன் வகையை வைத்து மூடுகிறார்கள். முட்டைக்கோஸ் முதலிடம் பெற்றதற்குக் காரணம் குளிர்காலம்தான். வேறு பச்சைக் காய் கிடைக்காத மாதங்களுக்காக வடசீன நகரத்துக் குடும்பங்கள் நவம்பரில் கோஸை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிவைத்த வழக்கம் 1980கள் வரை நீடித்தது. மைதாவும் பன்றி இறைச்சியும் ரேஷன் சீட்டுக்குக் கிடைத்த அந்த ஆண்டுகளில் ஜியாவ்சி என்றால் பண்டிகை என்றே பொருள்.

மூடுதலும் வேகவைத்தலும்

இடது உள்ளங்கையில் வட்டத்தை வைத்து, 15 கிராம் பூரணம் இட்டு, பாதியாக மடித்து, முதலில் நடுவில் கிள்ளிச் சேர்க்க வேண்டும். பிறகு இரு பக்கமும் மடிப்பு வைக்கலாம். அல்லது இரண்டு கைகளின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரே அமுக்கில் மூடலாம். பின்னது வேகமானது, வயிறு பருத்து, நிமிர்ந்து உட்காரும் வடிவம் வரும். அப்போதே திரட்டிய வட்டத்துக்கு விளிம்பில் தண்ணீர் தடவத் தேவையில்லை. பூரணத்தின் எண்ணெய் விளிம்பில் பட்டால் அந்த இடம் ஒட்டாது, கொதியில் திறக்கும்.

அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இருபது இருபதாகப் போட வேண்டும். போட்டவுடன் கரண்டியின் முதுகுப் பக்கத்தால் அடியோடு மெல்லத் தள்ளிவிட வேண்டும். அந்த முதல் அரை நிமிடத்தில் விட்டுவிட்டால் அடியில் ஒட்டிக் கிழியும். மறுபடி கொதி வந்ததும் ஒரு குவளை பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. கொதியின் ஆட்டத்தில் மேல்மாவு உடையாமல் இருக்க, உள்ளே இருக்கும் கறிக்குச் சூடு போய்ச்சேர அவகாசம் கொடுக்கும் வழி இது. திறந்த பாத்திரம் மேல்மாவை வேகவைக்கும், மூடிய பாத்திரம் பூரணத்தை வேகவைக்கும் என்பது வடக்கில் வழங்கும் சமையல் வாக்கு. ஜியாவ்சி மிதந்தாலே வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்தாலே மிதக்கும். மூன்றாவது கொதியில் வயிறு உப்பி, அழுத்தினால் எழும்பி வருவதுதான் பதம். கொத்திய பன்றி இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும்.

தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகர் போதும். ஜியாங்சூ மாநிலத்து ஜென்ஜியாங் வினிகர் பசையரிசியிலும், ஷான்சி வினிகர் பெரும்பாலும் சோளத்திலும் தயாராகின்றன. சீன நாட்காட்டியின் 12ஆம் மாதம் 8ஆம் நாள் வினிகரில் போட்டுவைக்கும் பூண்டு, புத்தாண்டு வருவதற்குள் மரகதப் பச்சையாகிவிடும். அதையும் கூடக் கடித்துக்கொள்வார்கள். வேகவைத்த நீரையும் வீணாக்குவதில்லை. மாவு கரைந்து கஞ்சியாகியிருக்கும் அதை ஒரு கிண்ணம் குடித்தால் செரிமானத்துக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை.

பண்டிகையும் உறவுகளும்

புத்தாண்டுக்கு முந்தைய இரவு வடசீனக் குடும்பங்கள் கூடி உட்கார்ந்து ஜியாவ்சி பிடிக்கின்றன. 1983 முதல் மத்தியத் தொலைக்காட்சியின் வசந்த விழா நிகழ்ச்சி அதற்குத் துணை. பழைய வெள்ளிக்கட்டி வடிவில் இருப்பதால் செல்வத்தின் அடையாளம். ஏதோ ஒன்றுக்குள் காசை ஒளித்துவைப்பார்கள், அது கிடைத்தவருக்கு ஆண்டு முழுதும் அதிர்ஷ்டம். பல்லுக்கும் தொண்டைக்கும் ஆபத்தில்லாமல் இப்போது பலர் வேர்க்கடலை வைக்கிறார்கள். வெளியூர் புறப்படுபவருக்கு ஜியாவ்சி, வந்து இறங்குபவருக்கு நூடுல்ஸ் என்பது வழக்கம்.

கொரியாவின் மாண்டு, ஜப்பானின் கியோசா ஆகியவை இதன் நெருங்கிய உறவுகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர் வழியே கியோசா அங்கே பரவியது. மேல்மாவு மெலிந்து, பூண்டு கூடி, சட்டியில் பொரிப்பதே முதன்மையாகிவிட்டது. தமிழ்நாட்டுத் தெருக்களில் விற்கும் மோமோ, திபெத், நேபாளம் வழி வந்த இமயமலைக் கிளை.

மிஞ்சியதை மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி உறையவைத்து, கல்லானபின் பைக்கு மாற்றலாம். வேகவைக்கும்போது உறைநிலை தளர விடாமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும். இளகவிட்டால் அடி நனைந்து கிழியும். நேரமில்லாதவர்கள் கடையில் விற்கும் ஆயத்த வட்டங்களை வாங்கலாம், சட்டியில் பொரிக்க அவை போதும். தண்ணீரில் வேகவைக்க நினைத்தால் மட்டும் மாவை நீங்களே பிசைந்து திரட்டுங்கள். எந்திரம் தட்டிய வட்டத்தில் விளிம்பும் நடுவும் ஒரே கனத்தில் இருக்கும். மூடிய விளிம்பு வேகும் நேரத்துக்குள் அடிப்பகுதி குழைந்துவிடும்.