ஞாயிற்றுக்கிழமை வேடதாரிகள்: ஒரு குழு எப்படி நீடிக்கிறது?

வேலைக்குப் போகிற, பிள்ளைகுட்டி உள்ள, நாற்பதைத் தாண்டிய ஐந்து பேரை மாதம் இரண்டு ஞாயிறு ஒரே அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். பணம் கிடையாது, புண்ணியம் கிடையாது, பயோடேட்டாவில் போட்டுக்கொள்ளவும் முடியாது. நடக்கிற காரியமா? நடக்கும் என்பதற்குத் திருச்சியிலேயே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சாட்சி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் ஏன் இதைத் தேடிப்போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தில்லை நகரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஆறு வருஷமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். மந்திரவாதி, திருடன், வீரன், இப்படி. "நீங்க இப்ப என்ன பண்றீங்க?" என்று கதை நடத்துபவர் கேட்பார். அவரவர் பாத்திரத்துக்குள் நின்று பதில் சொல்ல வேண்டும். நினைத்தது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். மேசை, காகிதம், பகடை, வாய். அவ்வளவுதான் முதலீடு.

காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடியிருந்த மாதங்களில்கூட ஸ்ரீரங்கத்து நண்பர் பைபாஸைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆனால் போன வருஷம் ஒருவருக்கு பெங்களூருக்கு மாற்றல். இன்னொருவரின் அம்மா படுத்த படுக்கை. மீதி மூன்று பேர். தொடர்வதா, கடையைக் கட்டுவதா என்ற பேச்சு வந்தது. சம்பளம் இல்லாமல் வேடம் போட்ட மனிதர்கள் இதற்கு முன் எப்படிச் சமாளித்தார்கள் என்று அப்போதுதான் படிக்க ஆரம்பித்தேன்.

கம்பெனி வேறு, சபா வேறு

நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ் நாடகத்தில் இரண்டு வகைக் குழுக்கள் உண்டு. ஒன்று கம்பெனி. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் சபா, அமைப்பில் அது கம்பெனி. பையன்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஊர் ஊராகப் போய் நடித்தார்கள். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசன் சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போய்ச் சேர்ந்ததும் இப்படி ஒரு பாய்ஸ் கம்பெனியில்தான். கம்பெனிக்கு ஆயிரம் கஷ்டம் இருந்திருக்கும். ஆனால் "ஞாயிறு யாருக்கெல்லாம் தோதுப்படும்?" என்ற கேள்வி மட்டும் அங்கே எழ வழியில்லை. எல்லோரும் ஒரே கூரையின் கீழ்.

இன்னொரு வகை, அமெச்சூர் சபா. பல்லாரி கிருஷ்ணமாச்சார்யுலு ஒரு வக்கீல். அவர் சென்னைக்கு வந்து போட்ட தெலுங்கு நாடகங்களைப் பார்த்துத்தான் பம்மல் சம்பந்த முதலியாருக்கு நாடக ஆசையே வந்தது. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. 1891 ஜூலை 1 அன்று நண்பர்களோடு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. பிறகு வக்கீலானார், நீதிபதியாகவும் இருந்தார், நாடகத்தை மட்டும் விடவில்லை. எஸ். சத்தியமூர்த்தியும், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அந்த சபாவின் உறுப்பினர்கள்.

நடிப்பவனைக் "கூத்தாடி" என்று இளக்காரமாகப் பேசிய காலம் அது. கோர்ட்டுக்குப் போகிறவர் மாலையில் அரிதாரம் பூசினால் ஊர் என்ன சொல்லும்? எங்கள் குழுவில் ஒரு நண்பர், அலுவலகத்தில் கேட்டால் "சீட்டாடப் போகிறேன்" என்றுதான் சொல்வாராம். வளர்ந்த ஆள் மந்திரவாதி வேஷம் போடுகிறான் என்பதைவிட அது கௌரவமாம்! நூறு வருஷத்தில் இந்த வெட்கம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை.

ரயில்வே ஊரில் ஒரு சபா

திருச்சிக்கு வருவோம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இருந்த ஊர் இது. அந்த ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர் எஃப்.ஜி. நடேசய்யர். 1914இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். மேற்கு புலிவார் ரோட்டில் இன்றும் ஆர்.ஆர். சபா என்றால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார்.

நடேசய்யரிடம் எனக்குப் பிடித்தது, அவர் அமைப்பாளராக மட்டும் நின்றுவிடவில்லை என்பது. அவரே நடிகர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, 1938இல் கே. சுப்ரமணியம் இயக்கிய சேவாசதனம் படத்திலும் நடித்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படம் அது. அதில் கதாநாயகியின் வயதான கணவர் வேடம் இவருக்கு. கணக்கு வழக்கு பார்க்கிற ஆளும் மேடையில் நிற்கிற ஆளும் ஒருவராக இருக்கும்போது, கூட்டம் ரத்தானால் முதல் நஷ்டம் அவருக்குத்தான். எனவே அவர் ரத்தாக விடமாட்டார்!

இரண்டாவது விஷயம், ஆள் பிடிப்பது. அரிச்சந்திரா நாடகத்துக்கு லோகிதாசன் வேடம் போட ஒரு பையன் தேவை. நன்றாகப் பாட வேண்டும். பெரியவர்கள் நடத்துகிற சபாவில் அதற்கு ஆள் ஏது? திருச்சியில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு சிறுவனின் குரல் நடேசய்யர் காதில் விழுந்தது. பத்து வயசுப் பையன். 1910இல் மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜன் இப்படித்தான் மேடை ஏறினார். பின்னாளில் பவளக்கொடி (1934), ஹரிதாஸ் (1944) என்று தமிழ்நாட்டையே கிறங்கடித்த பாகவதர் அவர்தான்.

இதைச் சினிமா வரலாற்றில் ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. நாடகத்தில் ஒரு காலி இடம் இருந்தது, அந்த இடம் தன் அளவுக்கு ஓர் ஆளைத் தேடிக்கொண்டது. "யாராவது சேருங்களேன்" என்று பொதுவாகக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. "இந்த வேடத்துக்கு உன் குரல்தான் வேணும்" என்றால் வருகிறார்கள்.

மூன்றாவது, கதைத் தேர்வு. அரிச்சந்திரன் கதை தெரியாத ஆள் அன்றைக்கு இல்லை. வேலை நிமித்தம் ஒருவர் ஒத்திகைக்கு வராமல் போனாலும் கதையின் நூல் அறுந்துவிடாது. விடுமுறை நாளில் மட்டும் கூடுகிறவர்களுக்கு எல்லோருக்கும் தெரிந்த கதை பெரிய பாதுகாப்பு. நாங்கள் முதல் இரண்டு வருஷம் ரொம்பச் சிக்கலான ஒரு அரசியல் கதையை ஓட்டினோம். ஒரு வாரம் வராதவருக்குப் போன வாரக் கதையைச் சொல்லவே அரை மணி நேரம் போகும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

காவிரியைத் தாண்டினால் இதைவிடப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. மார்கழியில் ஸ்ரீரங்கம் கோயிலில் அத்யயன உற்சவம். பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அரையர்கள் திவ்யப்பிரபந்தத்தை இசையோடு பாடி, அபிநயம் பிடித்து, வியாக்கியானம் சொல்வார்கள். நாதமுனிகள் தொடங்கிவைத்ததாக மரபு. தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கையில் தாளம். திரை கிடையாது, காட்சி ஜோடனை கிடையாது. அமிர்த மதனம், இராவண வதம், இரணிய வதம் எல்லாமே இவ்வளவுக்குள் நடந்துவிடும்.

அதில் முத்துக்குறி என்று ஒன்று. பெருமாள் மேல் மையல் கொண்ட மகள், கவலைப்படும் தாய், குறி சொல்லும் கட்டுவிச்சி. மூன்று பேரும் ஒரே அரையர்தான். கட்டுவிச்சி முத்துக்களைப் போட்டுப் பார்த்துக் குறி சொல்வாள். ஒருவரே பல பாத்திரமாகப் பேசுவதும், கையிலிருந்து விழுவதை வைத்து மேற்கொண்டு நடப்பதைச் சொல்வதும் எங்கள் மாடியில் கதை நடத்துபவர் செய்கிற வேலைதான். அரையர் சேவை வழிபாடு, எங்களுடையது பொழுதுபோக்கு. இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. வேடத்துக்கு உடுப்பு மாற்ற வேண்டியதில்லை, குரல் போதும் என்பது நம் ஊருக்குப் பழைய சங்கதி என்றுதான் சொல்கிறேன். பகடையும் அப்படித்தான். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடாத வீடு முன்பெல்லாம் அபூர்வம்.

அரையர் சேவை நீடித்ததற்கு முதல் காரணம் தேதி. "எல்லோருக்கும் எப்போது தோதுப்படும்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மார்கழி வரும், ஏகாதசி வரும், சேவை நடக்கும். 1323 படையெடுப்பில் வெளியேறிய நம்பெருமாள் 1371இல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார் என்பது கோயில் வரலாறு. 48 வருஷ இடைவெளி! ஆனாலும் திரும்பி வந்தபோது எந்த மாதத்தில் எந்த விழா என்று பஞ்சாங்கம் காத்திருந்தது.

ஆனால் தேதி மட்டும் போதாது. ஒரு காலத்தில் பல திவ்யதேசங்களில் இருந்த அரையர் சேவை, தமிழ்நாட்டில் இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று சுருங்கிவிட்டது. கர்நாடகத்தில் மேல்கோட்டை. அது குடும்ப வழியாக வரும் கலை. ஒரு ஊரில் அந்தக் குடும்பம் நகர்ந்தால், ஒரு தலைமுறை கற்றுக்கொள்ளாமல் விட்டால், அங்கே சேவை நிற்கும். மார்கழி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

நிலைத்தது எது?

சபாக்களின் கதை இதற்கு நேர் எதிர். ஆள் மாறினாலும் நிற்கும்படி விதி, சந்தா, செயலாளர் என்று கட்டியதால் பல சபாக்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் நடிப்பதற்காக அல்ல. தாங்களே வேடம் கட்டியவர்களின் சபா, சந்தா கட்டி மற்றவர்களின் கச்சேரியையும் நாடகத்தையும் பார்க்கிறவர்களின் சபாவாக மாறியது. சுகுண விலாச சபா இன்று அண்ணா சாலையில் ஒரு கிளப். நடிக்கிற வேலை வேறு கைகளுக்குப் போனது. 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ், ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட கே. பாலசந்தர், கிண்டியில் பி.இ. படித்த கிரேஸி மோகன் என்று அந்த வரிசை வேறு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து பெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதா, பூர்ணம் விஸ்வநாதன் குழுவுக்கு நாடகம் எழுதினார். எல்லோருக்கும் பகலில் ஒரு வேலை இருந்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்ததும் இப்படிப்பட்டவர்களிடம்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போன பிறகு வீட்டில் செருப்பு ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் கேரி கைகாக்ஸ். மின்னசோட்டாவில் நண்பர்களை வைத்துக் கதை நடத்திக்கொண்டிருந்தவர் டேவ் ஆர்னசன். 1974இல் முதல் பதிப்பு 1,000 பிரதிகள். அதற்கு முன் அது வாராவாரம் கூடிய சில போர் விளையாட்டுக் குழுக்களின் பழக்கம், அவ்வளவே.

ஆக, ஒரு குழு இரண்டு விதமாகச் சாகிறது. ஆட்கள் போய் விளையாட்டு நின்றுபோவது ஒன்று. இது கண்ணுக்குத் தெரியும், வருத்தப்படலாம். ஆட்கள் இருந்தும் விளையாட்டு போய்விடுவது இன்னொன்று. இது தெரியவே தெரியாது. கூட்டம் கூடும், காபி வரும், பேச்சு இருக்கும், வேடம் மட்டும் இருக்காது. எங்கள் மாடியில் இந்த இரண்டாவது ஏற்கெனவே தலைகாட்டியிருந்தது. கடைசி ஆறு கூட்டங்களில் பகடை உருண்டது இரண்டில்தான். மற்ற நாலும் பிள்ளைகளின் நீட் கோச்சிங் பற்றிய பேச்சு.

இவ்வளவையும் படித்துவிட்டு நாங்கள் மூன்று பேர் செய்த மாற்றங்கள் மூன்று. மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறு மாலை நாலு மணி. இரண்டு பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு, வாட்ஸ்அப்பில் கருத்துக் கேட்பது இல்லை. கதை நடத்தும் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒருவர். எந்த ஒருவர் போனாலும் வித்தை கூடவே போய்விடக் கூடாது. காலியான இடத்துக்குப் பொதுவாக ஆள் தேடாமல், கதையில் ஒரு வயதான பாணன் பாத்திரத்தை எழுதி, அதற்குப் பொருத்தமான ஒருவரைப் போய்க் கேட்டோம். பாங்கில் ஓய்வு பெற்றவர், 62 வயது. பகடையை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாயக்கட்டைக்கு இத்தனை முகமா?" என்றார். இரண்டு மாதமாக வருகிறார்.

ஒரு வேண்டுகோள். திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் சபா நாடகங்களில் நடித்தவர்கள் பலர் பெயர் போட்ட நடிகர்கள் இல்லை. குமாஸ்தா, வாத்தியார், ரயில்வே ஊழியர். அவர்களைப் பற்றிப் புத்தகங்களில் கிடைப்பது மிகக் குறைவு. உங்கள் தாத்தா பெட்டியில் ஒரு நாடக நோட்டீஸோ, வசன நோட்டோ, பெண் வேடத்தில் எடுத்த போட்டோவோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் யார், எந்த வேடம், எந்த வருஷம் என்று பென்சிலில் எழுதி வையுங்கள். அந்த மூன்று வார்த்தை இல்லாததால்தான் நிறையப் பேர் வெறும் போட்டோவாகி நிற்கிறார்கள்.