பார்க்ஃபீல்ட் பாலத்துப் பலகை

கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்று ஒரு குட்டி ஊர். அங்கே ஒரு பாலத்தில் இரண்டு பலகைகள். ஒரு பக்கம் போனால் பசிபிக் தட்டு, மறுபக்கம் போனால் வட அமெரிக்கத் தட்டு என்கின்றன. கீழே ஓடுவது சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. நிலம் மெல்ல மெல்ல நகர்ந்ததில் பாலமே வளைஞ்சுபோச்சு.

இங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய வருடங்களில் ஏறக்குறைய 6 அளவில் நிலநடுக்கம் வந்திருக்கிறது. சராசரி இடைவெளி 22 வருடம். ஆகவே அடுத்தது 1988 வாக்கில், 1993க்குள் வந்துடும்னு 1985ல் விஞ்ஞானிகள் கணித்தார்கள். நிகழ்தகவு 95 சதவீதம். ஊரைச் சுற்றிக் கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். வரவில்லை.

2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது, அளவு 6.0. தெளிவான முன்னறிகுறி எதுவும் கருவிகளில் சிக்கவில்லை.

இடைவெளிகளைத் தனித்தனியா எழுதிப் பாருங்க: 24, 20, 21, 12, 32. சராசரி 22 தான். ஆனா 12ம் 32ம் அதுக்குள்ளேதான் ஒளிஞ்சிருக்கு. கையில் இருந்ததோ ஐந்தே ஐந்து எண்கள்.

காத்திருந்தது வீண் இல்லை. பிளவு நழுவுவதற்கு முன்பும் பின்பும் நிலம் எப்படி அசைந்தது என்று மிக நெருக்கத்தில் பதிவான நிலநடுக்கங்களில் அது ஒன்று. எங்கே என்பதைப் பலகை சொல்லிவிடுகிறது. எப்போது என்பதுதான் இன்னும் பிடிபடலை.