மேர்லினின் கதையைத் தொடரும் உரிமை யாருக்கு?

1998 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 'மேர்லின்' என்னும் குறுந்தொடரை அடுத்தடுத்த இரு இரவுகளில் ஒளிபரப்பியது. ஆர்தர் மன்னனின் கதையை மந்திரவாதி மேர்லினின் வாய்மொழியாகச் சொன்ன தொடர் அது. மேர்லினாக நடித்தவர் நியூசிலாந்து நடிகர் சாம் நீல். எட்டு ஆண்டுகளின் பின்னர், 2006 இல், அதே நடிகரைக் கொண்டு 'மேர்லினின் சீடன்' என்று பொருள்படும் பெயரில் அதன் தொடர்ச்சி வெளியாகியது. முதலாவதைப் போற்றியவர்களிற் பலர் இரண்டாவதைக் கண்டு கொதித்தனர். 'இது எங்கள் மேர்லின் அல்ல' என்பதே அவர்களது முறைப்பாட்டின் சாரம்.

பொழுதுபோக்குச் சித்திரம் ஒன்றைப் பற்றிய இந்தச் சச்சரவை வரலாற்று மாணவன் பொருட்படுத்த வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பொருட்படுத்தவே வேண்டும். ஏனெனில் ஆர்தர் கதையைப் பொறுத்தவரை இத்தகைய வழக்கு தொள்ளாயிரம் ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. ஒரு கதை யாருக்குச் சொந்தம், அதனைத் தொடர்ந்து எழுதுபவர் எவருக்குக் கடமைப்பட்டவர் என்பதே அவ்வழக்கின் பொருள்.

முதலில் முறைப்பாட்டை நோக்குவோம். 1998 தொடரின் முடிவில், நீண்ட பிரிவின் பின்னர் மேர்லினும் அவனது காதலி நிமுவேயும் ஒன்றுசேர்கின்றனர். தன்னிடம் எஞ்சியிருந்த கடைசி மந்திரத்தைக் கொண்டு அவன் இருவரையும் மீண்டும் இளமையாக்குகிறான். 2006 தொடரிலோ நிமுவேக்கு இடமே இல்லை. ஐம்பது ஆண்டுகள் உறங்கி எழும் மேர்லின், சீர்குலைந்துபோன கமலொட் நகரைக் காண்கிறான். அவனிடம் சீடனாக வந்துசேரும் ஜாக் என்னும் இளைஞன், ஏரிச் சீமாட்டி மேர்லினை ஏமாற்றிப் பெற்ற மகன் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அப்படியாயின் நிமுவே எங்கே என்பதே முதற்தொடரை நேசித்தவர்களின் வினா.

இங்கு ஒரு முரண் உண்டு. பழைய நூல்களோடு ஒப்பிட்டால் இரண்டாவது தொடரே ஒரு முக்கிய விடயத்தில் மரபுக்கு நெருக்கமானது. 13 ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உரைநடைக் கதைகளில் மேர்லினை மயக்கி, அவனிடம் கற்ற வித்தையாலேயே அவனைச் சிறைப்படுத்துபவள் ஏரிச் சீமாட்டியான விவியன். 15 ஆம் நூற்றாண்டில் தோமஸ் மலரி எழுதிய ஆங்கில நூலில், ஏரியைச் சேர்ந்த நங்கையாகிய நிமுவே அவனைப் பாறையின் கீழ் அடைத்துவிடுகிறாள். அவளை மேர்லினின் உண்மைக் காதலியாக்கி இன்ப முடிவைக் கொடுத்தது 1998 தொடர்தான். அத்தொடரின் வில்லியான மாப் அரசியோ ஆர்தர் கதைக்குரியவளே அல்லள். சேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில் பேசப்படும் தேவதை அவள். இவ்வளவு பெரிய மாற்றங்களை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டவர்கள், மரபுக்கு நெருங்கிய ஒன்றை ஏன் நிராகரித்தனர்? இதற்கு விடைகாண நாம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பதிவாகியுள்ள மிகப் பழைய 'இரசிகர் சண்டை' 1113 ஆம் ஆண்டுக்குரியது. பிரான்சின் லாவொன் நகரத் தேவாலயம் அதற்கு முந்திய ஆண்டில் எரிந்துபோயிற்று. அதனை மீளக் கட்டுவதற்கு நிதி திரட்டப் புறப்பட்ட குருமார், புனிதப் பொருட்களைச் சுமந்துகொண்டு இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்கு வந்தனர். பொட்மின் என்னும் ஊரில் கை சூம்பிய ஒருவன் நலம் வேண்டி அவர்களிடம் வந்தான். ஆர்தர் இன்னும் உயிரோடிருக்கிறான் என்று அவன் சொல்ல, குருமாரின் பரிவாரத்திலிருந்த ஒருவன் மறுத்துரைத்தான். வாக்குவாதம் முற்றி, ஆயுதம் தாங்கியோர் தேவாலயத்தினுள் புகுந்தனர். இரத்தம் சிந்தாமல் தப்பியது பெரும்பாடாயிற்று. சில தசாப்தங்களின் பின்னர் ஹேர்மன் என்னும் துறவி இதனை எழுதிவைத்தார். ஆர்தரின் கதையைப் புகழ்பெறச் செய்த பெருநூல் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நூலுக்கு முன்பே நேயர்கள் இருந்தனர்.

அந்த நூல் 1136 ஐ அண்டிய காலத்தில் வந்தது. மொன்மத் ஜெப்ரி என்னும் மதகுரு இலத்தீனில் எழுதிய 'பிரித்தானிய மன்னர்களின் வரலாறு' அது. பழைய பிரித்தானிய மொழி நூலொன்றின் மொழிபெயர்ப்பு என அவர் கூறிக்கொண்டார். அப்படியொரு மூலநூல் இன்றுவரை கிடைக்கவில்லை. மேர்லினும் அவர் கைவண்ணமே. 9 ஆம் நூற்றாண்டு நூலொன்றில் வோர்த்திகேர்ன் மன்னனுக்கு எதிர்காலம் உரைக்கும் தந்தையற்ற சிறுவனையும், வேல்ஸ் மரபில் வழங்கிய மிர்தின் என்னும் தீர்க்கதரிசியையும் இணைத்து அவர் மேர்லினைப் படைத்தார். அவரது நூலின் இருநூறுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் இன்றும் எஞ்சியுள்ளன.

எதிர்ப்பும் தாமதிக்கவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் நியூபேர்க் வில்லியம் என்னும் வரலாற்றாசிரியர் தமது நூலின் முகவுரையிலேயே ஜெப்ரியைப் பொய்யர் எனச் சாடினார். முன்னோரான பீட் அடிகள் எழுதிய வரலாற்றின் காலவரிசையில் இத்தகைய மன்னனுக்கு இடமே இல்லை என்பது அவரது வாதம். வரலாறு என்ற வகையில் வில்லியத்தின் பக்கமே நியாயம் இருந்தது. ஆயினும் மக்கள் ஜெப்ரியையே வாசித்தனர். வட்ட மேசையை 1155 இல் வாஸ் என்னும் கவிஞர் சேர்த்தார். அரசியின் காதலனாக லான்சலொட்டையும், மர்மமான கிறெயில் பாத்திரத்தையும் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் த துருவா. இன்று ஆர்தர் கதை என நாம் அறிந்ததிற் பெரும்பகுதி இவ்வாறு ஒருவர்பின் ஒருவராகச் சேர்த்தவையே.

நமது வினாவுக்கான விடை இந்தக் கிரெத்தியானிடமே உள்ளது. 1180களில் ஃபிளாண்டர்ஸ் பிரபு பிலிப்புக்காக அவர் 'பேர்சிவல்' காவியத்தைத் தொடங்கினார். காயமுற்ற மீனவ மன்னனின் மாளிகையில் கிறெயில் பாத்திரம் கொண்டுசெல்லப்படுவதைக் காணும் பேர்சிவல், அது யாருக்காகச் செல்கிறது என்று கேட்கத் தவறுகிறான். கேட்டிருந்தால் மன்னன் நலமடைந்திருப்பான் எனப் பின்னர் அறிந்து துயருறுகிறான். ஏறத்தாழ 9,000 அடிகளுடன் காவியம் நின்றுபோயிற்று.

கேட்கப்படாத அந்தக் கேள்வி நேயர்களை உறங்கவிடவில்லை. முதலாவதாகத் தொடர்ந்து எழுதியவர் கவெய்ன் என்னும் வேறொரு வீரனின் பின்னாற் சென்றார். இரண்டாமவர் பேர்சிவலிடம் மீண்டார். மனசியே என்பவர் 13 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முடித்துவைத்தார். மீனவ மன்னனின் காயம் ஆறியது. பேர்சிவல் அரசனாகிப் பின் துறவியாகி மறைந்தான். மனசியே தமது பகுதியைப் படைத்தது ஃபிளாண்டர்ஸ் சீமாட்டி ஜானுக்காக. அவள் பிலிப்பின் சகோதரியின் பேர்த்தி. ஒரு குடும்பத்தில் முன்னோர் ஒருவர் தொடக்கிவைத்த கதையின் முடிவைப் பேர்த்தி தலைமுறையே பெற்றுக்கொண்டது. ஜெர்பேர் என்னும் இன்னொருவரும் தனியாக ஒரு தொடர்ச்சி எழுதினார். இத்தொடர்ச்சிகள் மூலத்தைவிடப் பன்மடங்கு நீளமானவை. நடையிலும் கொள்கையிலும் வேறுபட்டவை. ஆயினும் பிரதி எடுத்தோர் அவற்றை மூலத்துடன் சேர்த்தே எழுதினர்.

மறுகதை வேறு, தொடர்கதை வேறு என்பதையே இது காட்டுகிறது. பழங்கதையைப் புதிதாகச் சொல்பவர் எதையும் மாற்றலாம். மேர்லினுக்குக் காதலியைக் கொடுக்கலாம், வேறு கதையிலிருந்து வில்லியை இரவல் பெறலாம். ஆனால் 'தொடர்ச்சி' என்று பெயரிட்டு வருபவர், முன்னவர் வைத்துச் சென்ற கடனையும் சேர்த்தே ஏற்கிறார். மனசியே அக்கடனைத் தீர்த்தார். 2006 தொடரை எடுத்தவர்களோ கடன் இருந்ததையே மறந்தவர்கள்போல் நடந்துகொண்டனர். நேயர்களின் கோபம் மரபு மீறலுக்கானதன்று; வாக்குத் தவறியமைக்கானது. வாசகர் கடிதங்களைப் பல்லாண்டுகளாகப் படித்துவந்த பத்திரிகையாளன் என்ற வகையில், தொடர்கதை வாசகரின் மிகக் கூர்மையான கேள்வியும் இதுவே எனச் சொல்ல முடியும். புதுத் திருப்பங்களை மன்னிக்கும் வாசகர், 'அந்தப் பெண்ணுக்கு என்னவாயிற்று?' என்று கேட்காமல் விடுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முதற்தொடரைக் காணாத சிறுவர்கள் 'மேர்லினின் சீடன்' தொடரைத் தனிக்கதையாக இரசித்திருக்க முடியும். அவர்களுக்குக் கடனும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. 1485 யூலை 31 இல் மலரியின் நூலை அச்சிட்டு முடித்த வில்லியம் கக்ஸ்டன் இத்தகைய பெருந்தன்மையை முன்னுரையிலேயே காட்டினார். ஆர்தர் வாழவேயில்லை என்பாரின் கருத்தையும், வின்செஸ்டர் நகரின் வட்ட மேசை முதலிய சான்றுகளைக் காட்டுவோரின் கருத்தையும் எடுத்துரைத்து, நம்புவதும் விடுவதும் வாசகரின் சுதந்திரம் என்றார். அந்த மேசை 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்டதென 1970களின் ஆய்வுகள் காட்டின. அதுவும் கதையின் நேயர்கள் மரத்திற் செய்த ஒரு தொடர்ச்சியே.

1998 தொடரில் மாப் அரசியை மேர்லின் வாளால் வெல்லவில்லை. அனைவரும் அவளுக்கு முதுகு காட்டி, அவளை மறந்துவிட, அவள் இல்லாமற் போகிறாள். கதைகளுக்கும் அதுவே மரணம். பொட்மின் தேவாலயத்தில் கைகலந்தவர்களும், நிமுவே எங்கே என்று கேட்டவர்களும் மேர்லினுக்கும் ஆர்தருக்கும் முதுகு காட்டாதவர்கள். அவர்களது முறைப்பாட்டுக்குச் செவிசாய்ப்பதே அடுத்த தொடர்ச்சியை எழுதுவோரின் முதற்கடமையாகும்.